உவர்த்த கண்

ஜனவரி 11, ஞாயிறு

சியாமளாவின் நாவல் கூரியரில் வந்தது. அட்டையிலேயே வட்டம் போட்டு 'நான்காம் பதிப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். தீபாவளிக்குத்தான் முதல் பதிப்பு வந்தது, அதற்குள் நாலு. உள்ளே அவள் கையெழுத்து: 'என் புஷ்பத்துக்கு, அன்புடன்.' தங்கபுஷ்பம் என்று முழுப் பெயரையும் எழுதினால் மை தீர்ந்துவிடுமாக்கும்.

எனக்கு ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்தபோது விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அவள் திருநெல்வேலி ஜவுளிக்கடைக்காரர் மகள். நான் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்த்த அம்மாவின் மகள். 'அளத்தி மாலை' என்ற பழைய நூலை இருவரும் ஒரே புத்தகத்தில்தான் படித்தோம். என்றைக்காவது அந்தக் கதையை நாவலாக எழுதப்போகிறேன் என்று அன்றைக்கே சொன்னவள் நான். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சென்னைக்குப் போனாள், எழுத்தாளர் ஆனாள், எழுதியும்விட்டாள்.

சாயங்காலம் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். 'ஆமாட்டி, அட்டை நல்லாருக்கு. ஆனா எழுத்து கொஞ்சம் பொடியா இல்ல?' என்றேன். அவள் சிரித்தாள்.

மத்தியானக் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 14, புதன்

மூலக்கதை சின்னதுதான். கடல் வாணிகம் போன ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் மனைவி பொலங்குழை அவனைத் தேடிக் கரையோரமாக ஊர் ஊராக நடக்கிறாள். ஓர் உப்பளத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறாள். அவன் கடைசியாக வாழ்ந்தது அந்தப் பெண்ணோடுதான். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, உப்பு விளைவிக்கிறவள் என்பதால் அளத்தி. நூல் முழுவதிலும் அவள் வருவது பத்து வரி. அதில் ஒரு வரி: 'உவர்த்த கண்ணள் நீர்முகந்து நீட்டினள்.' தண்ணீரைக் குடித்துவிட்டுப் பொலங்குழை போய்விடுகிறாள். இருந்தும் பாடினவன் நூலுக்கு அளத்தியின் பெயரைத்தான் வைத்தான்.

சியாமளா வைத்திருக்கும் பெயர் 'பொலங்குழையின் தனிப்பயணம்'. அட்டையைத் திறப்பதற்கு முன்பே அளத்தி காணாமல் போய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இன்றைக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று இருந்தேன். பாதி முடிந்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

முடித்துவிட்டேன். நன்றாக இல்லை. அதாவது, நன்றாக ஓடுகிறது. ஓடுவது வேறு, நன்றாக இருப்பது வேறு.

பொலங்குழை நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே பேசுகிறாள். 'நான் யாருடைய நிழலும் அல்ல' என்று கடலைப் பார்த்துச் சொல்கிறாள். 'என் பாதை என் பாதத்தில் இருக்கிறது' என்று மணலைப் பார்த்துச் சொல்கிறாள். ஒரு வேளை சமைக்கவில்லை, ஒரு துணி துவைக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் யாரோ ஒருத்தி சோறு போடுகிறாள், அந்த ஒருத்திக்கு மட்டும் விடுதலை வேண்டாம் போலும். இதைத்தான் பத்திரிகைகள் 'பெண்ணியக் காப்பியம்' என்று தூக்கிவைத்துக் கொண்டாடுகின்றன.

அளத்தி கதைக்கு வருவோம். அவளுக்குச் சியாமளா கருவாச்சி என்று பெயர் சூட்டியிருக்கிறாள். கருப்பு, பரட்டைத் தலை, வாயைத் திறந்தால் வசவு, பக்கத்தில் போனால் மீன் கவிச்சி. அடுத்தவள் கழுத்தில் என்ன கிடக்கிறது, தட்டில் எத்தனை துண்டு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யாரையாவது பாராட்ட வேண்டி வந்தால் முதலில் 'ஆமா' என்று இழுத்து, பிறகு 'ஆனா' என்று முடிக்கிறாள். நல்ல சேதி கேட்டால் விரலில் சேலை முந்தியைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். கடைசியில், தாகம் என்று வந்து நிற்கிற பொலங்குழைக்குப் பொறாமையில் கடல் தண்ணீரை மொண்டு கொடுக்கிறாள்! பொலங்குழை அதைத் துப்பிவிட்டு, 'உன்னை மன்னிக்கிறேன், சகோதரி' என்கிறாள்.

எந்த ஊரில் இப்படி ஒரு பொம்பளை இருக்கிறாள்? பொம்மைக்குக்கூட இதைவிட உயிர் இருக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது இவர் வந்து, 'முந்தாணிய என்ன பாடு படுத்துத புஷ்பம்? கிழிஞ்சுரப் போவுது' என்றார். துறைமுக அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கிறவருக்கு வீட்டில் என் முந்தானையைப் பார்ப்பதுதான் வேலை.

ஜனவரி 23, வெள்ளி

கல்லூரியில் எங்கள் துறைத் தலைவி ரெஜினா மேடம் கூப்பிட்டார். மேசையில் சியாமளாவின் நாவல்.

'அடுத்த வருஷம் செகண்ட் இயருக்கு இதைப் பாடமா வைக்கலாம்னு இருக்கோம். நம்ம கரைக் கதை, பொம்பளை எழுதினது. பிள்ளைங்களும் விரும்பிப் படிக்கும். உங்க ஃபிரெண்டுதானே? பாடத்திட்டக் குழுவுக்கு நீங்களே ஒரு அறிக்கை எழுதிருங்க.'

'ஆமா மேடம், நல்ல புத்தகம்தான். ஆனா...' என்று ஆரம்பித்தேன். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் அதற்குள் புத்தகம் வந்துவிட்டது. கடைசி மணியில் ஒருத்தி எழுந்து கருவாச்சி வருகிற இடத்தைச் சத்தமாக வாசித்தாள். 'அவள் வருமுன் அவள் நாற்றம் வந்தது' என்ற வரியில் வகுப்பே சிரித்தது. முத்தையாபுரத்திலிருந்து வருகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் ஜன்னல் பக்கம் உட்கார்வார்கள். அவர்களுடைய அம்மாக்கள் உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் சிரித்தார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். விடுதியில் நான் சிரித்த சிரிப்பு அது. இந்தப் புத்தகம் பாடமானால் இந்தப் பெண்கள் இதை மனப்பாடம் செய்து, 'கருவாச்சியின் குணநலன்களை விவரிக்க' என்று கேட்டால் பத்து மார்க்குக்கு எழுத வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. சியாமளா டெல்லியில் பேசுகிறாளாம்.

பிப்ரவரி 2, திங்கள்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முழுக்க முழுக்க நியாயமாக எழுத வேண்டும். சொந்த விஷயம் ஒரு துளியும் கலக்கக் கூடாது.

எல்லாத் தப்பும் ஒரு சொல்லில் இருக்கிறது. 'உவர்த்த கண்ணள்.' உவர்த்தல் என்றால் வெறுத்தல். உவர்த்தல் என்றால் உப்புக் கரித்தலும்தான். அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சியாமளா வெறுப்பை எடுத்துக்கொண்டாள். வெறுத்த கண் என்றால் பொறாமைக் கண், பொறாமைக் கண் என்றால் சக்களத்தி, சக்களத்தி என்றால் கடல் தண்ணீர். இப்படியே பிடித்துக்கொண்டு போய் நாவலை முடித்துவிட்டாள். உப்பளத்தில் வெயிலடிக்கும்போது பாத்தியைப் பார்த்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும், நீர் வழியும், துடைத்தால் கையிலிருக்கிற உப்பும் சேர்ந்து எரியும். உப்புக் கரிக்கிற கண். அவ்வளவுதான் அந்த வரி. பாவம், வேலைக்கு நடுவில் வந்து தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

அறிக்கையில் எழுதினேன்: 'ஒரு பெண்ணை உயர்த்த இன்னொரு பெண்ணைத் தாழ்த்துவது பெண்ணியம் ஆகாது. பெண்கள் ஒருவரையொருவர் கண்டு பொறாமைப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது பழைய ஆண் கற்பனை. இந்நாவல் அதற்குப் புதுச்சட்டை போட்டிருக்கிறது.' நன்றாக வந்திருந்தது. இரண்டு முறை வாசித்தேன்.

நடுவில் போனை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஏதோ விருது. நீலப் பட்டில், மாலையோடு நிற்கிறாள். கழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. வாழ்த்துகள் ஒவ்வொன்றையும் வாசித்தேன். யார் யாரெல்லாம் வாழ்த்தவில்லை என்றும் பார்த்தேன். பால் தீய்ந்து வீடெல்லாம் நாறிய பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 7, சனி

இவருக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு, பொழுது போகாமல் சியாமளாவின் நாவலைப் படித்தார். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாதவர். மத்தியானம் ரசம் கொண்டுபோனேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

'என்ன இது, காய்ச்சக்காரன் சிரிப்பா?'

'இல்ல புஷ்பம், இந்தக் கருவாச்சி...'

'சொல்லுங்க. எவ்வளவு கேவலமா எழுதிருக்கா, பாத்தியளா?'

'கேவலம் கிடக்கட்டும். இது நீதான?'

தட்டை வைத்தேன்.

'அந்த ஆமா, ஆனா. அந்த முந்தாணி. கல்யாண வீட்டுல பக்கத்து இலையப் பாக்குதது. எங்க அக்காளுக்கு வளையல் எடுத்தப்ப நீ சொன்னியே, நல்லாருக்கு, ஆனா கைதான் குண்டுன்னு. அப்படியே இருக்கு பாரு, நூத்துநாப்பதாம் பக்கம்' என்று விரித்துக் காட்டினார்.

அறிவில்லாத மனிதர் என்று சொல்லி, புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுக்களையில் நின்று நூற்று நாற்பதாம் பக்கத்தைப் படித்தேன். இதை நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்திருக்கிறேன். அறிக்கையில் 'உயிரற்ற பாத்திரம்' என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. அவளுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

'ஏட்டி, கருவாச்சி யாரு?'

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. 'கண்டுபிடிச்சிட்டியா? கோவிச்சுக்கிடாதட்டி. எனக்குத் தெரிஞ்ச உப்பளத்துப் பொண்ணு நீ ஒருத்திதான? வேற யார வச்சு நான் எழுதுவேன்?'

'எம்மேல மீன் கவிச்சி அடிக்குமாட்டி?'

'சேச்சே, அது கதைக்கு. கடக்கரைன்னா ஒரு வாசனை வேணும்லா?'

'உப்பளத்துல ஏதுட்டி மீனு?'

அவள் எங்கள் ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அரை நாள் உப்பளத்து வரப்பில் குடை பிடித்து நின்றாள், படம் எடுத்துக்கொண்டாள், தலை வலிக்கிறது என்று போய்விட்டாள். இறால் பண்ணைக்கும் உப்புப் பாத்திக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. எல்லாம் கரை.

'சரி, அது கதைக்கு. பொறாமை?'

'அது...' என்று இழுத்தாள். 'அதுக்கு நான் எங்கயும் போவ வேண்டியிருக்கலட்டி.'

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆமாம். பொறாமைதான்.

அவளுடைய விடுதி அலமாரியைப் பார்த்துப் பொறாமை. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பொறாமை. நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துப் படித்ததை அவள் ஒரு தடவை கேட்டுவிட்டு அழகாகப் பேசினாளே, அதைப் பார்த்துப் பொறாமை. இப்போது நாலாம் பதிப்பைப் பார்த்து. எழுதிப் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

ஆனால் அது என் சொந்தச் சரக்கு. பட்டம் வாங்கி, ஒருத்தியோடு ஒரே அறையில் இருந்து, நானாக ஊட்டி வளர்த்தது. என்னை எழுத வேண்டுமென்றால் தங்கபுஷ்பம், எம்.ஏ., பி.எச்டி. என்று எழுதியிருக்கட்டுமே. கண்ணாடி போட்டு, கையில் விடைத்தாள் கட்டோடு. அதற்குப் பதிலாக என்ன செய்தாள்? என் பொறாமையைக் கழற்றி, கவிச்சியும் பரட்டையும் சேர்த்து, இதுதான் உப்பளத்துக்காரி என்று கரை முழுவதற்கும் மாட்டிவிட்டாள். முத்தையாபுரத்துப் பெண்களின் அம்மாக்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் சியாமளாவின் அலமாரியைப் பார்த்ததுகூட இல்லையே.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறிக்கையைத் திரும்பப் படித்தேன். பொறாமை என்பது ஆண் கற்பனை என்ற வரியை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பாடத்திட்டக் குழு. ரெஜினா மேடம், துறையில் நாலைந்து பேர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர். முந்திரிக் கொத்தும் காப்பியும் வந்தன. எல்லோரும் நாவலைப் புகழ்ந்தார்கள். என் அறிக்கையை மேடம் வாசித்தார். வாசிக்க வாசிக்க அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் காப்பியை வைத்துவிட்டு இனிமையாகச் சொன்னார்: 'அம்மா ரொம்ப நுணுக்கமாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஒரே வகுப்புத் தோழிகள் வேற. அதுல சகஜமா ஒரு... இது இருக்கும்ல?'

யாரோ இருமினார்கள். எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கலாம், ஆனால் கால் தானாக எழுந்துவிட்டது.

'இது இல்ல சார், பொறாமை. பேரைச் சொல்லியே சொல்லலாம். மேடம், மினிட்ஸ்ல முதல்ல இதை எழுதுங்க. தங்கபுஷ்பத்துக்குச் சியாமளா மேல பொறாமை. எழுதியாச்சா? இப்ப ரெண்டாவது எழுதுங்க. உப்பளத்துல மீன் கிடையாது. மூணாவது, மூலத்துல அளத்தி குடுத்தது தண்ணி. கடத்தண்ணின்னு ஒரு வரியும் கிடையாது. நாலாவது, நம்ம வகுப்புல ஜன்னல் பக்கம் ஏழெட்டுப் பிள்ளைங்க இருக்கு. அதுங்க அவங்கவங்க அம்மாவைப் பாத்துச் சிரிச்சாத்தான் இந்தப் பேப்பர்ல பாஸாவும். முதல் பாயிண்ட்டால மத்த மூணும் பொய்யாயிருமா சார்? ஆயிரும்னா பாடமா வச்சிருங்க புத்தகத்த.'

முந்திரிக் கொத்தை யாரும் தொடவில்லை. மேடம் நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அறிக்கையை வாங்கி, இந்த முறை சிரிக்காமல் முதலிலிருந்து படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். கடைசியில், இந்த வருடம் வேண்டாம், மூலத்தையே பாடமாக வைக்கலாம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து பஜ்ஜி போட்டேன். அவ்வளவு சந்தோஷம். அந்தப் பெண்களுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். முழுவதும் அவர்களுக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், எண்ணெய்க்கும் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சியாமளாவிடமிருந்து போன் இல்லை. எட்டிப் பார்த்த சந்தோஷம் வடிந்துவிட்டது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

பிப்ரவரி 21, சனி

வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்கிறாள். ஏதோ இலக்கியக் கூட்டத்துக்காக ஊருக்கு வந்தாளாம், கார் தெருவுக்குள் வராது என்று முக்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து, வெயிலில் வதங்கிப்போய் இருந்தாள். அப்போதும் அழகாகத்தான் இருந்தாள். அவளுக்கு மட்டும் வியர்வைகூடப் பொருந்துகிறது.

'எம் புக்கத் தள்ளிட்டியாமே' என்றாள். சண்டைக்குத்தான் வந்திருந்தாள், ஆனால் குரல் கட்டியிருந்தது. நாற்காலியில் விழுந்து, 'முதல்ல குடிக்கத் தண்ணி தாட்டி' என்றாள்.

அடுக்களைக்குப் போனேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் கேனில் இருக்கிறது. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லக் கூடாது, குழாயைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நன்றாகவே பார்த்தேன். வயிறு எரிந்தது. அவள் விருது, அவள் பட்டு, அவள் சொன்ன 'நீ ஒருத்திதான' எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. ஆனால் கை கேன் பக்கம்தான் போயிற்று. எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு, விருந்தாளிக்கென்று வைத்திருக்கிற கண்ணாடி டம்ளரைக் கழுவி, விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். நான் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கரித்தது.

அப்போதுதான் புரிந்தது. அவள் வெறுப்பு என்றாள், நான் உப்பு என்றேன். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியைப் பிய்த்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். அளத்திக்கு அந்த வணிகன் வீட்டுக்காரியைக் கண்டதும் பற்றிக்கொண்டுதான் வந்திருக்கும். ஏன் வராது? அவளை ஒன்றுமறியாத வேலைக்காரி ஆக்கியவள் நான். ஒரு வெறுப்பும் இல்லாமல் தண்ணீர் கொடுப்பதற்கு அவள் என்ன பொம்மையா? வெறுத்தாள், கண் கரித்தது, நல்ல தண்ணீர் மொண்டு நீட்டினாள். மூன்றும் ஒரே வரியில், ஒரே பெண்ணிடம் இருக்கின்றன. அகராதிக்காரர்தான் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பிரித்தார். பாடினவன் பிரிக்கவில்லை.

சியாமளா வாயைத் துடைத்துக்கொண்டாள். 'சொல்லப்போனா நீ சொன்னது சரிதான்ட்டி, மீன் விஷயம். அஞ்சாம் பதிப்பு போவுது. திருத்திருதேன். அந்த உவர்த்த கண்ணப் பத்தியும் அறிக்கையில என்னமோ எழுதினியாமே? சொல்லு, சேத்துக்கிடுதேன். அடிக்குறிப்புல உன் பேர் போட்டுருதேன்.'

ஐந்தாம் பதிப்பு. அடிக்குறிப்பு.

'உப்புக் கரிக்கிற கண்ணுன்னும் அர்த்தம் உண்டு. போட்டுக்கோ' என்றேன்.

'அவ்வளவுதானா?'

'அவ்வளவுதான்.'

இன்னொரு டம்ளர் கேட்டாள், கொடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். வாசலில் என் கையைப் பிடித்து, 'என் மேல கோவமாட்டி?' என்றாள். 'ஆமா' என்றேன். ஆனா என்று ஒன்றும் சேர்க்கவில்லை.

அவள் தெருமுக்குத் திரும்புகிற வரை நின்றேன். மிச்ச அர்த்தத்தை அவளுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது எனக்கு வேண்டும். உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் கிடந்த விடைத்தாள்களைக் கீழே இறக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு வரி வந்துவிட்டது:

'அவளைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே போய் நல்ல தண்ணீராகப் பார்த்து மொண்டேன்.'